எட்டு ஆண்டுகளாக என் கையில் புழங்கும் எடோ கிரிகோ

2017 கோடையில் தோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையில், எடோ கிரிகோ எனப்படும் வெட்டுக் கண்ணாடியில் செய்த இரண்டு சாகே கிண்ணங்கள் வாங்கினேன். சாகே என்பது ஜப்பானிய அரிசி மது. ஒன்று கருநீலம், மற்றொன்று செம்புச் சிவப்பு. இரண்டும் சேர்ந்து 36,000 யென். நிஷி கசாயில் உள்ள வீட்டுக்கு ரயிலில் வந்து சேரும்வரை அந்த மரப்பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. அடுத்த மூன்று மாதமும் கிண்ணங்கள் பெட்டிக்குள்தான் கிடந்தன. யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன், துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். எட்டு ஆண்டுகள் புழங்கிய பிறகு சொல்கிறேன்: அந்த மூன்று மாதத்தில் நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

வெறும் கிண்ணத்தில் தெரிவது பாதி அழகுதான். குளிர்ந்த சாகேயை முக்கால் அளவுக்கு ஊற்றி, மேலிருந்து உள்ளே பாருங்கள். வெளிப்புறத்தில் வெட்டிய ஒவ்வொரு குழியும் ஒரு சிறு வில்லையாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்துச் சித்திரம் முழுவதும் அதற்குள் சுண்டிப்போய்த் தெரியும். அடியில் வெட்டிய சாமந்திப் பூ நீர்மத்தின் ஊடே மேலெழுந்து வந்ததுபோல் நிற்கும். கிண்ணத்தை இரண்டு விரலால் லேசாகத் திருப்பினால் நீலக் கீற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியேறும். மேசை விரிப்பின்மீது விழும் நிழலில்கூட நீலம் கலந்திருக்கும்.

எடோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். கிரிகோ என்றால் வெட்டி இழைத்த கண்ணாடி. 1834-இல் எடோவின் ஒதென்மாச்சோ பகுதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த காகயா க்யூபே, குருந்தக்கல் பொடியைக் கொண்டு கண்ணாடியின் மேல் உருவங்களை இழைத்ததுதான் இதன் தொடக்கம் என்பார்கள். 1881-இல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட இமானுவேல் ஹாப்ட்மன், ஷினகாவா கண்ணாடி ஆலையில் மேலைநாட்டு வெட்டுமுறையைக் கற்றுக்கொடுத்தார். இன்றைய கைத்திறன் இந்த இரண்டும் சேர்ந்து வளர்ந்தது. 2002-இல் ஜப்பான் அரசு இதை நாட்டின் மரபுக் கைவினையாக அறிவித்தது. தெற்கே ககோஷிமாவின் சத்சுமா கிரிகோ வேறு மரபு. அதில் நிறமற்ற கண்ணாடியின்மேல் போர்த்தும் வண்ணக் கண்ணாடிப் படலம் தடிமனாக இருப்பதால் வெட்டின் ஓரத்தில் நிறம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளுக்கும். எடோவில் படலம் மெல்லியது. நிறமும் தெளிவும் கத்தி வைத்தாற்போல் பிரியும். எனக்குப் பிடித்தது இந்தக் கறார்தான்.

பட்டறையில் வேலையைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியின் மேல் முழுச் சித்திரத்தையும் வரைந்துகொள்வதில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சில அளவுக்கோடுகள் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். புள்ளி வைத்தபின் கோலத்தைக் கையே போட்டுவிடுவதுபோல, மற்றதெல்லாம் கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள பழக்கம். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் வைரச் சக்கரத்தில் முதலில் ஆழமாக வெட்டி, பிறகு நுண்ணிய சக்கரத்தில் சீராக்கி, கல் சக்கரத்தில் இழைத்து, கடைசியில் மெருகேற்றுகிறார்கள். வெட்டு விழுவது வெளிப்புறத்தில். அவர்கள் பார்ப்பதோ கிண்ணத்தின் உட்புறம் வழியாக. அதனால்தான் ஒளி புகாத கருப்புக் கண்ணாடியில் வெட்டுவது மிகக் கடினம். ஒரே ஒரு கோடு தவறினாலும் அந்தக் கிண்ணம் போயிற்று. விலை ஏன் அவ்வளவு என்று அன்றைக்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை.

என் நீலக் கிண்ணத்தில் இருப்பது நானாகோ, அதாவது மீன்சினை. நெருக்கமான கோடுகள் குறுக்கே குறுக்கே ஓட, நடுவில் எஞ்சும் மேடுகள் சினைமுட்டைபோல் மினுங்கும். சிவப்பில் அசானோஹா, சணல் இலை. சணல் நோய்நொடியின்றி நேராக, விரைவாக வளரும் செடி என்பதால் ஜப்பானியர்கள் இந்த உருவத்தைப் பச்சைக் குழந்தையின் துணியில் போடுவார்கள். எங்கள் மகள் பிறந்த ஆண்டு முழுவதும் நான் சிவப்பைத்தான் எடுத்தேன்.

புழக்கத்தில் வெட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. கோடையில் குளிர்ந்த சாகே ஊற்றியதும் வெளியே வியர்த்துவிடும். வழுவழுப்பான கண்ணாடி நழுவும்; இது விரல் நுனியில் பிடித்துக்கொள்ளும். வாய் வைக்கும் விளிம்பை மட்டும் வெட்டாமல் விட்டிருப்பதால் உதட்டில் எதுவும் உறுத்தாது. 60 மில்லி கொள்ளளவு குறைவு என்று முதலில் தோன்றியது. ஆனால் ஜப்பானில் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. கிண்ணம் சிறியதாக இருந்தால்தான் எதிரே இருப்பவர் அடிக்கடி ஊற்றுவார், நாமும் அவருக்கு ஊற்றுவோம். பேச்சு அறுபடாது.

இழப்புகளும் உண்டு. இரண்டாம் ஆண்டு இதற்குத் துணையாக ஒரு தொக்குரி, அதாவது ஊற்றுக் குடுவை வாங்கினேன். பனிக்கட்டியில் வைத்திருந்ததை எடுத்து அப்படியே வெந்நீர்க் குழாயில் காட்டினேன். ‘டக்’கென்று ஒரே சத்தம். கழுத்திலிருந்து அடிவரை விரிசல் ஓடிவிட்டது. தடித்த கண்ணாடி திடீர் வெப்பத்தைத் தாங்காது. சூடான சாகேக்கு மண் குடுவைதான் சரி. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடவே கூடாது.

2021-இல் சிவப்புக் கிண்ணத்தின் விளிம்பு குழாயில் இடித்து, அரிசியளவு சில்லு தெறித்தது. மனசு விட்டுப்போயிற்று. வாங்கிய பட்டறைக்கே எடுத்துச் சென்றேன். விளிம்பு முழுவதையும் ஒரே மட்டமாக இழைத்து மெருகேற்றித் தந்தார்கள். இப்போது அது நீலத்தைவிட 2 மில்லிமீட்டர் குட்டை. பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

கழுவும்போது மென்மையான பஞ்சும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போதும். வெட்டுக்குள் அழுக்கு சேர்ந்தால் குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். தானாக உலரவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். உடனே துடைத்துவிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கக் கூடாது. சில கிண்ணங்கள் ஈயம் கலந்த கிரிஸ்டல் என்பதால் இரவு முழுவதும் அதில் சாகேயை விட்டுவைக்கவும் வேண்டாம். நிறம் மங்குமா என்று பலர் கேட்கிறார்கள். அது மேலே பூசிய சாயமில்லை, நிறமே கண்ணாடிதான். எட்டு ஆண்டில் துளியும் மாறவில்லை.

ஒருமுறை இணையத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று பச்சையில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். வந்தது அச்சில் வார்த்த கண்ணாடி. விரலால் தடவியதுமே தெரிந்துவிட்டது: வெட்டின் முனைகள் எல்லாம் மழுங்கியிருந்தன, பக்கவாட்டில் அச்சின் மூட்டு ஒரு கோடாக ஓடியது. கையால் வெட்டியதில் இரண்டு வெட்டுகள் சேரும் இடம் ஊசிபோல் கூர்ந்து முடியும்.

வாங்கப் போகிறவர்கள் பட்டறையில் சிறிது தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், மகிழ்ச்சியோடு தருவார்கள். சன்னலருகே கொண்டுபோய், மேலிருந்து உள்ளே பார்த்துவிட்டு, பிறகு விலையைக் கேளுங்கள்.