மாளிகை இல்லாத இராசதானி: நல்லூரில் எதை, எப்படிப் பார்ப்பது

யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராக இருந்த நல்லூருக்கு அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது வழக்கம். அங்கே அரண்மனை இல்லை. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலையும் இடித்தார்கள். தப்பியது நகரின் அமைப்பு. அதை நாலு திசையிலும் காவலாக நின்ற கோயில்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். இந்த நாலையும் சைக்கிளில் சுற்றினால் தலைநகரின் அளவு பிடிபடும். காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள்.

பிறகு முத்திரைச் சந்தி. யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலையைப் பார்த்துவிட்டு, பழைய கோயில் நின்ற இடமாகக் கருதப்படும் யாக்கோபு தேவாலயத்தையும் கவனியுங்கள். இப்போதைய கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறிடத்தில் எழுந்தது.

பருத்தித்துறை வீதியில், அரண்மனை வாயில் என்று சொல்லப்படும் சங்கிலித்தோப்பு வளைவு தனியே நிற்கிறது. தூண்களின் சுதை வேலைப்பாட்டைக் கிட்ட நின்று பாருங்கள், கை வைக்காதீர்கள். சுண்ணச்சாந்து ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, காரை பாளம் பாளமாகக் கழரும். பழுதுபார்த்த இடங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அருகே மந்திரிமனை. பெயரை நம்பிச் சங்கிலி மன்னன் காலத்து வீடு என்று எண்ண வேண்டாம். முகப்பிலேயே ஐரோப்பியச் சாயல் தெரிகிறது, இன்று நிற்கும் கட்டடம் மிகப் பிந்தியது. ஆனாலும் உள்ளூர் மர வேலையும் ஐரோப்பிய வளைவும் ஒரே வீட்டில் சேர்ந்த விதம் அருமையானது. 2025இல் மழைக்கு ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே போகாமல், மேல்மாடிக்கு ஏறாமல், வெளியே நின்று பார்ப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் சுவரோரம்கூட நிற்க வேண்டாம்.

யமுனா ஏரிக்கு ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும். 'ப' வடிவக் கேணி இது. ஒரு பக்கத்தில் நின்றால் முழு வடிவமும் தெரியாது, கரையைச் சுற்றி நடக்க வேண்டும். இராசதானியின் உண்மையான கட்டட எச்சம் எதுவென்று கேட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்லலாம்.

யாழ்ப்பாணக் கோட்டையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) கோட்டை அது. அதற்கு வேறொரு மாலை ஒதுக்குங்கள்.