செக் என்ஜின் லைட்டை அணைத்துக் காட்டி 1,146 டாலர் பிடுங்கிவிட்டார்கள்: பழைய பிக்கப் ஓட்டுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் பழைய பிக்கப் டிரக் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. 1,146 டாலர்! மாற்றாத ஒரு பாகத்துக்கு, செய்யாத ஒரு வேலைக்கு. கடை பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ரிப்பேரும் ஸ்மாக் செக்கும் (வண்டிக்கான புகைச் சோதனை) ஒரே இடத்தில் செய்கிற ஒரு சின்ன மெக்கானிக் கடை. அதுமட்டும் சொல்கிறேன்.

என் வண்டி 2008 மாடல், பெட்ரோல். செக் என்ஜின் லைட் எரிந்தது. வண்டிக் கம்ப்யூட்டர் காட்டிய கோளாறு எண், அதாவது கோடு (code), பி0455. பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்து வைக்கிற அமைப்பில் பெரிய கசிவு என்று அர்த்தம். லைட் எரிந்தால் ஸ்மாக் செக்கில் ஃபெயில். அதில் பாஸ் ஆகாமல் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. டாங்க் மூடியைப் புதிதாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன், லைட் அணையவில்லை. அதனால்தான் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் என்னையும் குனிய வைத்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். டாங்குக்குப் பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டி இருக்கும் கறுப்பு டப்பாதான் கரி கேனிஸ்டர், டாங்கில் எழும் ஆவி அந்தக் கரியில் போய்த் தங்கும். முன்னால் என்ஜின் மேல் இருக்கும் பர்ஜ் வால்வு, வண்டி ஓடும்போது திறந்து அந்த ஆவியை இழுத்து எரிக்கக் கொடுக்கும். கேனிஸ்டர் பக்கம் இருக்கும் வென்ட் வால்வு வெளிக்காற்றை உள்ளே விடும். வண்டிக் கம்ப்யூட்டர் தானே கசிவு பார்க்கிற சோதனை நேரத்தில் மட்டும் அது மூடிக்கொள்ளும். அத்தனையும் சரியான விளக்கம். இவ்வளவு தெரிந்த மனுஷன், இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

அப்புறம் போனில் ஒரு போட்டோ காட்டினார். விரிசல் விட்ட கேனிஸ்டர். "மை ஃப்ரெண்ட், இது உங்க வண்டியோடது. டீலர்கிட்ட போனா ரெண்டாயிரத்துக்கு மேல கேப்பாங்க." கேனிஸ்டர் 690, கூலி 340, கண்டுபிடித்ததற்கு 116. மொத்தம் 1,146. பழைய பாகத்தை எனக்கு எடுத்து வையுங்கள் என்று வண்டியை விடும்போதே சொன்னேன். தலையாட்டினார்.

சாயங்காலம் போனால் லைட் இல்லை. பழைய பாகம்? "பையன் குப்பையில போட்டுட்டான், சாரி." சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார். டாங்கை எப்போதும் நிறைத்தே வைத்து ஓட்டுங்கள், கம்ப்யூட்டர் செட் ஆகும் என்றும் சொன்னார். அப்படியே செய்தேன். அவர் கடையிலேயே ஸ்மாக் செக், பாஸ். அதற்கு அடுத்த வாரமே லைட் மறுபடி எரிந்தது. அதே பி0455.

போன் செய்தால் முதலில் "மூடியை நல்லா இறுக்குங்க". பிறகு "ஓனர் வெளியே போயிருக்கார்". பிறகு "இது வேற கசிவு, புதுசா பார்க்கணும், அதுக்குத் தனி சார்ஜ்". கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. நேரில் போய் நின்றேன். "நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே, இன்னும் என்ன?" என்று கேட்டார். அந்த வார்த்தைதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கூட வேலை பார்ப்பவர் சொன்ன இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டாங்க் வாய் வழியாக மெல்லிய அழுத்தத்தில் புகையை விட்டு, ஸ்கேனரில் வென்ட் வால்வை மூடச் சொன்னார். மூடவே இல்லை. அதன் வாயிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்தது. கழற்றித் தட்டினார், உள்ளங்கை நிறைய மண். பாதாம் அறுவடை நேரத்தில் தோப்பு ரோட்டில் ஓட்டுகிற வண்டி, இங்கே எல்லோருக்கும் தெரியும் அந்தப் புழுதி. வால்வு, சோதனை, கூலி எல்லாம் சேர்த்து 238 டாலரில் முடிந்தது.

"கேனிஸ்டர் மாத்தினதா சொன்னீங்களே?" என்று கேட்டுவிட்டு அதை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். பிளாஸ்டிக்கிலேயே வார்த்த எண்: 07, அதாவது 2007-இல் செய்தது. வண்டியோடு வந்த அதே டப்பா. விரிசல் ஒன்றும் இல்லை. போல்ட் தலையில் துருவும் மண்ணும் அப்படியே இறுகிக் கிடக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இதற்குத்தான் 1,146 டாலர்.

எப்படிப் பாஸ் ஆனது என்பதையும் அவரே சொன்னார். ஸ்கேனரில் கோடை அழித்தால் லைட் அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரின் சுய சோதனை முடிவுகளும் அழிந்துவிடும், வண்டி ஓட ஓட அவை மறுபடி நடந்து முடிய வேண்டும். 2000க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே ஒரே ஒரு சோதனை முடியாமல் இருந்தாலும் ஸ்மாக் செக் பாஸ் கொடுக்கும். அது இந்த ஆவிக் கசிவுச் சோதனைதான். டாங்க் நிறைந்திருந்தால் அந்தச் சோதனை ஓடாது. டாங்கை நிறைத்து வை என்று அந்த முதல் கடைக்காரர் ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? 2010 முதல் வந்த வண்டிகளில் இப்படி அழிக்க முடியாத கோடு தனியாக நிற்கும், அதையும் பார்ப்பார்கள். என் வண்டி 2008. அதைத் தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறார்.

மெக்கானிக் கடைகளைக் கண்காணிக்கும் மாநில அரசு அலுவலகமான ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோவில் ஆன்லைனில் புகார் போட்டுவிட்டேன், பில், போட்டோ எல்லாம் சேர்த்து. 1,146 டாலரில் ஒரு சென்ட் கூட இன்னும் திரும்பவில்லை.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். புகை விட்டுக் காட்டாமல் கேனிஸ்டர் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். பழைய பாகம் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள், கலிஃபோர்னியாவில் அது உங்கள் உரிமை. வண்டியை விடும் முன் அந்த டப்பாவையும் போல்ட்டையும் நீங்களே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் வென்ட் வால்வை அவ்வப்போது பாருங்கள். பம்ப் தானாக நின்ற பிறகு மேலும் அமுக்கிப் பெட்ரோல் போடாதீர்கள், கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்க் கரி நிஜமாகவே வீணாகிவிடும். இதே மாதிரி கடையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்க்க உதவும்.