லைட்டுக்கு முழு மார்க், எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் பூஜ்யம்: நான்கு தட்டு க்ரோ லைட் கிட்

ஓசூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளிலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரை) வளர்த்துத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி. அதற்காக ஆன்லைனில் வாங்கிய கிட் பற்றியது இந்த விமர்சனம். பெட்டியில் வருபவை ஓர் இரும்பு ரேக், தட்டுக்கு இரண்டு வீதம் எட்டு 20 வாட் எல்.இ.டி. லைட், டைமர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், 1500 வாட் சின்ன ஹீட்டர்.

லைட் அருமை. முளைகள் வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடாமல், தண்டு திடமாக வருகின்றன. மணிக்கணக்கில் எரிந்த பிறகும் பட்டையைத் தொட்டால் வெதுவெதுப்புதான். ரேக்கும் ட்ரே பாரத்துக்கு ஆடவில்லை. ஹீட்டரும் தன் வேலையைச் செய்கிறது. மார்கழி ராத்திரியில் இங்கே 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கினால் விதை முளைக்கவே தாமதமாகும், அதனால் ஓசூரில் ஹீட்டர் தேவை. கீழே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இருப்பவர்கள் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

பிரச்சினை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். எல்லாவற்றையும் அதிலேயே மாட்டச் சொல்லிப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் மாட்டியிருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் கருகும் வாடை. கீழே போய் டி.பி.யில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) மெயினை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், சுவரில் இருந்த பிளக்கைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆறவிட்டுக் கழற்றினோம். ஒரு பின்னின் அடிப்பகுதி பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி உள்வாங்கியிருந்தது. சுவர் சாக்கெட்டின் அந்த ஓட்டையும் கறுத்திருந்தது.

எங்கள் வீட்டு வேலைகளைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பாக்ஸைத் திருகிப் பிரித்துக் காட்டினார். உள்ளே பிளேடு கனம்கூட இல்லாத இரண்டு தகடுகள். பார்க்கப் பித்தளை மாதிரி மஞ்சள் நிறம். அவர் காந்தத்தை நீட்டினார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. உண்மையான பித்தளையில் காந்தம் ஒட்டாது. இது இரும்புத் தகட்டில் முலாம். சூடேறியதில் தகட்டின் பிடிமானம் போய், பின்னை மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. ஒயரோ தலைமுடி போல நாலைந்து இழைதான், அதையும் ஒரு சொட்டு ஈயத்தில் ஒட்டவைத்திருந்தார்கள்.

“அக்கா, மேலே 10 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கான், பிளக்கைப் பாருங்க, சின்ன பின், 6 ஆம்ப்ஸ்தான்” என்றார். கணக்குப் போட்டோம். எட்டு லைட்டும் சேர்ந்து 160 வாட், 230 வோல்ட்டில் 0.7 ஆம்ப்ஸ். ஹீட்டர் மட்டும் 6.5. இரண்டும் சேர்ந்தால் 7 ஆம்ப்ஸைத் தாண்டுகிறது. அந்தச் சின்ன பின் பிளக்குக்கு இதுவே அதிகம். அதோடு லூஸ் கான்டாக்ட் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கரன்ட் பத்து மடங்கானால் அதே இடத்தில் சூடு நூறு மடங்காகும். லைட் மட்டும் ஓடும் மாதங்களில் ஒன்றும் தெரியாமல் இருந்து, ஹீட்டர் போட்டதும் பிளக் கருகுவது இதனால்தான்.

டி.பி.யில் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும். எங்கள் லைனில் இருப்பது 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி., அதற்கு 7 ஆம்ப்ஸ் சாதாரண லோடு. பிளக்கின் முனையில் 0.2 ஓம் தடை இருந்தால் அந்த ஒரு புள்ளியிலேயே 10 வாட் சூடு கிளம்பும், டி.பி.க்கு அது தெரியாது. ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு பாதுகாப்பு சுவிட்ச் கரன்ட் கசிவுக்கு விழும், ஆள் உயிரைக் காப்பாற்றும், ஆனால் லூஸ் கான்டாக்டை அதுவும் பிடிக்காது. கையும் மூக்கும்தான் பிடிக்கும். புதிதாக எதை மாட்டினாலும் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சுவிட்சை அணைத்துப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. கை பின்வாங்கினால் அந்த பிளக்கும் சாக்கெட்டும் வேண்டாம்.

விற்றவர்களிடம் படம் எடுத்து அனுப்பினேன். அதே மாதிரி இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அனுப்பி வைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஈரமும் கரன்ட்டும் சேர்ந்து இருக்கும் அறைக்கென்று ஒரு பொருளை விற்றுவிட்டு, கருகிய படத்தைப் பார்த்த பிறகும் அதே தகரத்தை அனுப்புவது அக்கிரமம். அவர்கள் கொடுத்த படத்தில் பாக்ஸ் ரேக்கின் அடித்தட்டில் இருக்கிறது, அதாவது ட்ரேயிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில்!

இப்போது ஹீட்டருக்கு டி.பி.யிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் தனி லைன், 16 ஆம்ப்ஸ் பவர் பிளக், எர்த்தோடு. ஹீட்டர் நேராகச் சுவரில், இடையில் டைமரும் இல்லை, பாக்ஸும் இல்லை. டைமர் லைட்டுக்கு மட்டும். அது கனமானது, சாக்கெட்டில் தொங்கித் தொங்கிப் பின் பாதி வெளியே வந்துவிடும், அதனால் அடியில் ஒரு சின்னப் பலகை கொடுத்தோம். புது பாக்ஸ் கடையில் நேரில் பார்த்து வாங்கியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் ஐ.எஸ். 1293 என்ற எண் (பிளக், சாக்கெட்டுக்கான தர எண்) இருக்கிறதா என்று பார்த்து, கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை, அதாவது லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். அதை ரேக்குக்கு மேலே சுவரில் அடித்தாயிற்று. ஒவ்வொரு ஒயரையும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்றியிருக்கிறோம், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ரேக்கும் லைட்டும் மட்டும் தனியாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், அவற்றுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். முழு கிட்டாகத்தான் வரும் என்றால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.