குமரிக்கண்டமும் பறக்கும் தட்டும் 18,500 ரூபாயும்: ராமேஸ்வரம் வர்றவங்க கவனிங்க

மச்சானோட 18,500 ரூபாய் போச்சு. ஆத்திரத்துலதான் எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

சமூக வலைத்தளத்துல ஒரு "ஆய்வுப் பயண" விளம்பரம். கடல்கொண்ட குமரிக்கண்டத்தை ஆண்டது வேற்றுக்கிரகவாசிகளாம், ராமர் பாலம் அவங்க இறங்குதளமாம். ராத்திரி தனுஷ்கோடி முனையில இருக்குற அரிச்சல்முனையில வானம் பார்க்குறது, படகுல மணல்திட்டு, கூரியர்ல ஒரு "விண்கலக் கல்". முழுப்பணமும் முன்கூட்டியே.

ஃபோன்ல அந்த ஆள் முதல்ல சொன்னது அத்தனையும் சரி, மச்சான் நம்புனது அங்கதான். பனியுகத்துல கடல்மட்டம் இப்ப இருக்குறதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, பாக் நீரிணை ஆழம் குறைவு, அப்ப இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். உண்மைதான். ஆனா கரையோரம் கொஞ்சம் முங்குனது வேற, ஒரு கண்டமே முங்குனது வேற. குமரிக்கண்டத்தோட சேர்த்துச் சொல்ற லெமூரியாங்கிற பேரே 1864ல ஸ்கிளேட்டர்ங்கிற விலங்கியலாளர் வெச்சது, மடகாஸ்கர்ல இருக்குற லெமூர்ங்கிற குரங்கு மாதிரி விலங்குக்கும் இந்தியாவுக்கும் முடிச்சுப் போட. கண்டங்களே நகருதுன்னு தெரிஞ்சதும் அந்தக் கணக்கு செல்லாமப் போச்சு. 1888ல பிரம்மஞான சபையோட பிளாவட்ஸ்கி அம்மையார் அதுல ஆதி மனித இனத்தைக் குடியேத்துனாங்க. தட்டுக்காரங்க ஓட்டுறது அந்தக் கதையைத்தான்.

பொழுது சாஞ்சா தனுஷ்கோடிக்குள்ள ஆளே விடமாட்டாங்க. மணல்திட்டுப் பக்கம் சர்வதேச எல்லை இருக்கு, நம்ம ஆளுங்க யாரும் சுற்றுலாவுக்கு வள்ளம் எடுக்க மாட்டாங்க. "ஆதார" வீடியோவுல வரிசையா நகர்ற வெளிச்சம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள், பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துல யாரும் பார்க்கலாம்.

கேட்டா முதல்ல "கடல் சீற்றம்"னான். அப்புறம் "ரீஃபண்ட் டீம் பேசும்". கடைசியில "உங்க அதிர்வெண் பொருந்தல சார்". அதோட பிளாக். 18,500 ரூபாய்க்கு அதிர்வெண்!

கல்லு மட்டும் வந்துச்சு. ரெண்டு சொட்டு வினிகர் விட்டேன், நுரைச்சுச்சு. சுண்ணாம்பு, பெரும்பாலும் பவளப்பாறை. எரிமலை நுரைக்கல்லா இருந்தா நுரைக்காது. இந்த மாதிரி கல் தண்ணியில மிதக்குறது துளைக்குள்ள அடைஞ்ச காத்தால, ஊற ஊற சிலது முங்கிடும்.

என்ன செய்யணும்னு விரிவா எழுத நினைச்சேன், பொறுமையில்ல. முழுப்பணம் முன்னாடி கட்டாதீங்க. கட்டிட்டா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க, தாமதிச்சா பணம் கைமாறிடும். பவளப்பாறை 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல், அதாவது உச்சப் பாதுகாப்பு. அந்தக் கல்லை யாருக்கும் விக்காதீங்க, பஸ்ல தூக்கிட்டுப் போகாதீங்க, வனத்துறையில ஒப்படைங்க.