"புதுப்பித்தது" என்று விற்ற சையான் 5எம்எக்ஸ்: மூடித் திறக்கும் வீடியோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

கீபோர்டு வைத்த பழைய கையடக்க ஆர்கனைசர் (பையில் வைத்துக்கொள்ளும் சிறு கணினி) ஒன்றை இணையத்தில் செகண்ட்ஹேண்டாக வாங்க நினைக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "முழுவதும் புதுப்பித்தது, திரை கேபிள் புதிது, எழுத ஆரம்பித்துவிடலாம்" என்று சொல்லி எனக்கு சையான் நிறுவனத்தின் 5எம்எக்ஸ் ஒன்றை விற்றார்கள். வந்து சேர்ந்தது 5எம்எக்ஸே இல்லை. கேபிளும் புதிது இல்லை. பணமும் திரும்பவில்லை. விற்றவரின் பெயரை இங்கே போடப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வருகிற ஆட்களிடம் பெயரைச் சொல்லிப் பயனும் இல்லை. அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், தப்பித்துக்கொள்ளலாம்.

நான் தேடியது ஒரே காரியத்துக்காக. சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் கோட்டுப்பையிலாவது அடங்க வேண்டும், பத்து விரலால் தட்டச்சு செய்ய வேண்டும், நடுவில் எந்த அறிவிப்பும் வந்து கூப்பிடக்கூடாது. அப்படித் தேடினால் சில பெயர்கள்தான் மிஞ்சும். 1994இல் வந்த எச்பி 200எல்எக்ஸ் உறுதியான கருவி, பழைய டாஸ் இயங்குதளம் ஓடும், இரண்டு ஏஏ பேட்டரி போதும். ஆனால் அதன் விசைகள் கால்குலேட்டர் பொத்தான் மாதிரி, கட்டைவிரலால் தட்டத்தான் வசதி. 1999இல் வந்த சையான் ரீவோ அழகானது, சிறியது. அதற்குள் இருப்பது கழற்ற வசதியில்லாத ரீசார்ஜ் பேட்டரி. பல வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்த ரீவோ பெரும்பாலும் உயிரோடு எழுந்திருக்காது. மெமரி கார்டு போடவும் இடம் இல்லை. பழைய கேசியோ, ஷார்ப் ஆர்கனைசர்களில் பலவற்றில் எழுத்துகள் ஏ, பி, சி வரிசையில் இருக்கும். தொலைபேசி எண் குறித்து வைக்கலாம், ஒரு பக்கம் எழுத முடியாது.

அதனால்தான் எல்லோரும் கடைசியில் சையான் 5 வரிசைக்கு வந்து நிற்கிறார்கள். மூடியைத் திறந்தால் கீபோர்டு தானாக முன்னால் நகர்ந்து வரும், திரை பின்னால் சாய்ந்து அதன்மேல் உட்காரும். அதனால் திரையைத் தொட்டாலும் கருவி பின்பக்கமாகக் கவிழாது. விசைகள் நிஜமாகவே அழுந்தி மேலே வரும். இதை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டுதான் 2018இல் வந்த ஜெமினி என்ற கையடக்கக் கருவிக்கும் கீபோர்டு வடிவமைத்தார். இருபது வருஷம் கழித்தும் அதே ஆளைத் தேடிப் போகிற அளவுக்கு அந்த வேலை நன்றாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கருவிமேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதன் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் மேல்தான்.

இப்போது முக்கியமான விஷயம். சையான் 5 வந்தது 1997இல், 5எம்எக்ஸ் வந்தது 1999இல். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதே 640க்கு 240 புள்ளி திரை, அதே கீபோர்டு, அதே இரண்டு ஏஏ பேட்டரி. உள்ளேதான் வித்தியாசம். 5இன் புராசஸர் 18 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 அல்லது 8 மெகாபைட். 5எம்எக்ஸில் 36 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாபைட். இன்றைய கணக்கில் இரண்டுமே சிறியதாகத் தெரியலாம். ஆனால் நீளமான கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடும்போது அந்த இரண்டு மடங்கு உடனே கைக்குத் தெரியும். விலையிலும் தெரியும். 5எம்எக்ஸ் என்று சொன்னால் விலை ஏறுகிறது, அதனால் 5ஐ 5எம்எக்ஸ் என்று சொல்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்த படங்களில் திரை பளிச்சென்று இருந்தது. உறையில் கீறல் இல்லை. பார்சல் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது புதுப் பெயிண்ட் வாசனை. இந்த வரிசைக் கருவிகளின் மேலே ரப்பர் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். வயதானால் அது உரிந்து வரும். அதைச் சுத்தம் செய்து வேறு பூச்சு அடிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, நிறைய பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள். இங்கே மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தையும் சேர்த்து மூடி அடித்திருந்தார்கள். பேட்டரி போட்டு, கருவி தன்னைப் பற்றித் தகவல் காட்டும் திரையைத் திறந்தேன். 8 மெகாபைட். அது 5.

அன்றைக்கே அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது, ரொம்பப் பணிவாக. "மன்னிக்கணும் சார், எங்களிடம் இரண்டு இருந்தது, பேக் பண்ணும்போது மாறிவிட்டது. சரியானதை அனுப்புகிறோம். தயவுசெய்து புகார் மட்டும் போட்டுவிடாதீர்கள், எங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள்."

இந்தப் பதிலை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை மாறலாம், சாரம் இதுவாகத்தான் இருக்கும். விற்பனைத் தளங்கள் பொருளைத் திருப்பி அனுப்பவும் புகார் கொடுக்கவும் ஒரு கெடு வைத்திருக்கின்றன. அந்தக் கெடு முடியும்வரை உங்களைப் பேச்சிலேயே வைத்திருப்பதுதான் அவர்களுக்கு வேலை. இன்றைக்கு கூரியர் வரவில்லை, நாளைக்கு வீட்டில் விசேஷம், அப்புறம் "அனுப்பியாயிற்று, டிராக்கிங் எண் தருகிறேன்" என்று நகர்ந்துகொண்டே போனது.

இதற்கிடையில் திரையில் கோடுகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஒரு மெல்லிய கோடு, மூடியைக் கொஞ்சம் அசைத்தால் போய்விடும். அப்புறம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் எழுத்து தெரிந்தது. அப்புறம் எந்தக் கோணத்திலும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கு அவசியம். கீபோர்டு பக்கம் இருக்கிற போர்டிலிருந்து திரைக்குப் போவது தாள் போன்ற மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள். அது கீல் வழியாகப் போகிறது. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. பல வருஷம் மடங்கினால் உள்ளே இருக்கும் செப்புக் கோடுகளில் விரிசல் விழும். விரிசலின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை திரை சரியாகத் தெரியும், விலகினால் கோடு விழும். அதனால்தான் திறந்து வைத்து எடுத்த புகைப்படம் எதையும் நிரூபிக்காது. கேபிள் கிழிந்துகொண்டிருக்கிற கருவியும் ஒரு கோணத்தில் அழகாக நிற்கும், அந்த ஒரு கோணத்தில்தான் படம் எடுப்பார்கள். நல்ல மனசோடு செய்கிறவர்கள் புதுக் கேபிள் வாங்கி, பொறுமையாகப் பிரித்து மாற்றுகிறார்கள். அதற்குக் கை பழக வேண்டும், நேரமும் ஆகும்.

கோடு விழுந்ததைச் சொன்னதும் விற்றவரே, "பக்கத்தில் தெரிந்த டெக்னீஷியன் இருந்தால் பிரித்துக் காட்டுங்கள், செலவை நாங்கள் தருகிறோம்" என்று எழுதினார். எழுத்தில் இருந்ததால் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்ததும் எதுவும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய கேபிள்தான். விரிசல் விட்ட மடிப்பின்மேல் ஒட்டு நாடா சுற்றியிருந்தது. மடங்காமல் இறுக்கிப் பிடித்து, விற்று முடியும்வரை திரை தெரிந்தால் போதும் என்று செய்த வேலை. "இது ரிப்பேர் இல்ல சார், இத செஞ்சவருக்கு எத்தனை நாள் தாங்கும்னு நல்லாவே தெரியும்" என்றார்.

அந்தப் படங்களை அனுப்பியபோது கெடு முடிந்திருந்தது. விற்றவரின் குரலும் மாறிவிட்டது. "கருவியைப் பிரித்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பு இல்லை. கேபிளை நீங்கள்தான் கிழித்திருக்கிறீர்கள்." பிரிக்கச் சொன்னது அவரே என்று அவருடைய செய்தியையே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. தளத்தில் முறையிட்டேன். கெடு கடந்த புகாரை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது பணத்தால் மட்டும் இல்லை. சையான் 2001லேயே இந்தக் கருவிகள் செய்வதை விட்டுவிட்டது. இனி புதிதாக ஒன்றுகூட வரப்போவதில்லை. இருக்கிறவற்றில் ஒன்றை எடுத்து, நாடா சுற்றி, கேபிளை மேலும் கெடுத்து, பெயிண்டால் மூடி விற்பவர், காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கருவியை வேண்டுமென்றே பாழாக்குகிறார். அதை நம்பி வாங்கி, இந்த மாதிரிக் கருவியே லாயக்கில்லை என்று வெறுத்துப் போகிறவர்களும் இருப்பார்கள்.

சரி, வாங்கப் போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும்? புகைப்படத்தை விட்டுவிடுங்கள், வெட்டாத ஒரே வீடியோ கேளுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். திரை எல்லாக் கோணத்திலும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். வீடியோவில் உங்கள் பெயரையோ நீங்கள் சொல்லும் ஒரு சொல்லையோ அந்தக் கருவியிலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் அது அவரிடம் இப்போது இருக்கிற கருவி என்று தெரியும். கூடவே எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டட்டும். மொத்த நினைவகம் காட்டும் திரையும் அதே வீடியோவில் வர வேண்டும். 5எம்எக்ஸ் என்றால் 16 மெகாபைட், அதில் பேச்சுக்கே இடமில்லை. "கேபிள் மாற்றியது" என்று சொன்னால், மாற்றும்போது எடுத்த படம் கேளுங்கள். உண்மையிலேயே மாற்றியவர்கள் பெரும்பாலும் பெருமையாக எடுத்து வைத்திருப்பார்கள்.

பேட்டரி பெட்டியைத் திறந்து உலோகத் தகடுகளைப் பார்க்க வேண்டும். ஏஏ பேட்டரி ஒழுகி வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், உள்ளே போர்டுவரை அரித்திருக்க வாய்ப்பு உண்டு. அதோடு சிஆர்2032 பட்டன் செல் ஒன்று இருக்கும். எனக்கு வந்த கருவியில் அது காலி என்று கருவியே சொன்னது. இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கருவிகள் நீங்கள் எழுதுவதை மின்சாரம் இருக்கும்வரைதான் வைத்திருக்கும். ஏஏ பேட்டரியை மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாவற்றையும் தாங்குவது இந்த செல்தான். அது காலியாக இருக்கும்போது பெரிய பேட்டரியை எடுத்தால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். வாங்கியதும் முதல் வேலையாகப் புது செல் போடுங்கள். 5 வரிசையில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு போடலாம், எழுதுவதை அதில் பிரதி எடுத்து வையுங்கள். சாதாரண உரைக் கோப்பாக மாற்றி வைத்தால், கார்டை ரீடரில் போட்டு இன்றைய கணினியிலும் படிக்கலாம், பழைய சீரியல் கேபிளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று, தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு. இவற்றில் ஓடும் இபிஓசி இயங்குதளத்துக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) தெரியாது. தமிழ் எழுத்து வராது. "அப்டேட் போட்டால் வரும்" என்று விற்பவர் சொன்னால், மற்றதையும் அவர் அப்படித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொருள் வந்ததும் பார்சலைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே தளத்தில் புகார் பதிவு செய்துவிடுங்கள். விற்பவரோடு பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும். சரியானதை அனுப்பிவிட்டால் புகாரைத் திரும்பப் பெறுவது ஒரு நிமிஷ வேலை, கெடு முடிந்த பிறகு புகாரைப் பதிவு செய்ய வழியே இல்லை. தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று அழைத்தால் போகாதீர்கள், அங்கே பேசியது தளத்தின் கண்ணுக்குத் தெரியாது. விற்பவரே சொன்னாலும் கருவியைப் பிரிக்காதீர்கள்.

எனக்குக் காட்டிய அதே படங்கள் இப்போது வேறொரு கணக்கில், "கேபிள் புதிது" என்ற அதே வாசகத்தோடு வந்திருக்கின்றன. மங்கலான பச்சைத் துணிமேல் வைத்து எடுத்தவை. திறந்த கருவியின் திரையில் பாதி எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று தெரியும். மூடித் திறக்கும் வீடியோ கேட்டு அந்தக் கணக்குக்கு நான் எழுதினேன், பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.