ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு மசோதா

என் தாய்மாமன் அலங்காநல்லூர், இரட்டை இலை. சித்தப்பா ஒத்தக்கடை, உதயசூரியன். சட்டசபையில் எந்த மசோதா தேறியது, எது ஊத்திக்கொண்டது என்று பேச்சு வந்தால் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. தனக்கு ஆகாத தேதியை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

மாமாவின் தேதி 2017 ஜனவரி 23. காளைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்: "மாப்ள, ஒரே நாள்ல தாக்கல், ஒரே நாள்ல நிறைவேத்தம். எவன் செய்வான்?" உண்மைதான். 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி ஜல்லிக்கட்டு மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். பிப்ரவரி 5-இல் அவனியாபுரம், 9-இல் பாலமேடு, 10-இல் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் வரிசையாகத் திறந்தது. மாமா விழுங்குவது 22-ஆம் தேதியை. அன்று போட்டியைத் தொடங்கிவைக்க வந்த முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தை ஊருக்குள் விடவில்லை. அவசரச் சட்டம் போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊரே மறித்து நின்றது. அவர் மதுரையோடு திரும்பிப் போனார். தமுக்கத்தில் கூட்டம் கலையவில்லை, செல்லூர்ப் பாலத்தில் ரயில் நகரவில்லை. மறுநாள் மசோதா வந்தது.

சித்தப்பாவின் தேதி அதற்கு ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 1. அதே சபையில் நீட் விலக்குக்கான இரண்டு மசோதாக்கள் ஒருமனதாக நிறைவேறின. இரண்டு விஷயத்துக்கும் வழி ஒன்றுதான். மத்தியச் சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் என்பதால் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும். ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்தது, நீட்டுக்கு 2017 செப்டம்பரிலேயே மறுத்துவிட்டார்கள். மறுத்த சேதி 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது. "ஏப்பா, ரெண்டு வருஷமா மூடி வச்சிருந்தாங்களே, அதக் கேளு உன் மாமன்கிட்ட" என்பார் சித்தப்பா.

கேட்டேன். "நீட்டுக்கு 2010-ல அறிவிக்கை வந்தப்ப டில்லியில யார் ஆட்சி, அதுல யார் பங்கு?" என்று மாமா திருப்பிப் போட்டார். அதுவும் சரிதான். அப்புறம் 2021 செப்டம்பர் 13-இல் தி.மு.க. கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் ஆர்.என். ரவி 2022 பிப்ரவரி 1-இல் திருப்பி அனுப்பினார். 8-ஆம் தேதி சபை கூடி மறுபடியும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சபையிலேயே அறிவித்தார். மாமாவுக்குத் தலை கால் புரியவில்லை. "எங்களுக்கு மறுத்தா துரோகம், உங்களுக்கு மறுத்தா பழிவாங்கலா?"

எனக்கென்னவோ இந்த ஒரு கேள்வியில் மாமா பக்கம்தான் நியாயம். யார் ஆண்டாலும் நீட் மசோதா முட்டிக்கொண்டு நின்றது ஒரே கதவில். ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டதால் டில்லிக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. நீட்டில் ஒரு மாநிலத்துக்கு விலக்கு கொடுத்தால் நாடு முழுக்க நடக்கிற ஏற்பாடே ஆட்டம் காணும்.

கதவு எண்ணிக்கை குறைந்தால் கதை மாறும் என்பதற்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மசோதா, 2020 செப்டம்பர் 15-இல் நிறைவேறியது. டில்லிக்குப் போக வேண்டியதில்லை, ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கையெழுத்துப் போட்டால் போதும். ஒன்றரை மாதம் ஓடியது. வழக்கு நடந்தது சித்தப்பா வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் ஆளுநர் மாளிகை முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்தினார். அக்டோபர் 29-இல் எடப்பாடி அரசு காத்திருக்காமல் அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநர் ஒப்புதல் தந்தார். இதில் இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு. இரண்டு பேரும் அடுத்தவர் பங்கைச் சொல்ல மாட்டார்கள். (ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்ற அண்ணாவின் வசனத்தையும் இரண்டு பேரும் தங்களுக்குத் தோதான வருஷங்களில் மட்டும்தான் எடுப்பார்கள்.)

12 மணி நேர வேலை மசோதா வேறு வகை. 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியபோது கம்யூனிஸ்ட்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்றாம் நாள் நிறுத்திவைப்பு, மே தினத்தில் வாபஸ். ஆளுநருக்கு வேலையே வைக்கவில்லை. சித்தப்பா இதை "கேட்டுத் திருத்திக்கிட்டோம்" என்பார். கேட்க வேண்டியது நிறைவேற்றும் முன்பல்லவா?

துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, அரசா என்ற விவகாரத்தில் பக்கத்து வீட்டுத் தாமரைத் தம்பியும் சேர்ந்துகொள்வான். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஆளுநர் செய்தது சரி என்பது அவன் வாதம். 2023 நவம்பரில் ஆளுநரிடமிருந்து திரும்பி வந்த பத்து மசோதாக்களில் இரண்டு அ.தி.மு.க. காலத்தவை. ஆனாலும் அவற்றை மறுபடி நிறைவேற்றச் சபை கூடிய 18-ஆம் தேதி அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் பத்துமே ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளலாம் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பகுதிக்குத் தடை போட்டது. நவம்பர் 20-இல், அப்படித் தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். மூன்று கட்சிக்காரர்களும் தலைக்கு ஒரு தேதியில் வெடி போட்டாயிற்று. இந்த இழுபறிக்கு நடுவே நம்ம காமராசர் பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விஷயத்தில் மசோதாவே கிடையாது. 2024 டிசம்பர் 9-இல் வெறும் தீர்மானம், சட்டப்படி யாரையும் கட்டாது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. "நாங்க கொண்டுவந்த தீர்மானம்" என்கிறார் சித்தப்பா. "நாங்க ஆதரிக்கலைன்னா?" என்கிறார் மாமா. மேலூர்ப் பக்கம் போய்க் கேட்டால் தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் தாங்கள் வந்ததைத்தான் சொல்கிறார்கள்.