முடக்கு வாதத்தோடு கவுன்சலிங்: சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம்

கைவலிக்கு எதுக்கு மனநல டாக்டர் என்று மலேசியாவில் எங்கள் பக்கத்தில் கேட்பவர்கள் அதிகம். எனக்கு முடக்கு வாதம் என்கிற மூட்டு நோய் வந்து பல வருடம் ஆகிறது. கவுன்சலிங் போகத் தொடங்கியும் வருடக் கணக்காகிவிட்டது. கவுன்சலிங்கால் என் வலி குறையவில்லை. இருந்தும் இன்றுவரை விடாமல் போகிறேன், நீண்ட நாள் நோயோடு இருக்கும் யார் கேட்டாலும் போகச் சொல்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறேன்.

வயதாகித் தேய்வதால் வரும் மூட்டு வலி இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, அது தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, மறுநாள் எனக்குக் குமட்டல். வெளியே பார்ப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. செம்பனை மில் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்று அங்கே கேட்காத ஆள் இல்லை.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் தாள் அது, பி.எச்.கியூ.-9 என்பது அதன் பெயர். 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐ எட்டினால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். நோயாளிகள் இதில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கெடுகிறதா, களைப்பா, பசி இல்லையா என்றும் அதில் கேட்கிறார்கள். இதெல்லாம் முடக்கு வாதத்திலும் வரும். பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் தூக்கமும் மனநிலையும் மாறும். ரத்தசோகை இருந்தாலும் களைப்பு வரும். அதனால் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ரத்தப் பரிசோதனை எப்படி இருக்கிறது என்பதைத் தாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். என்னைப் பார்த்த டாக்டர் தானாகவே இதைக் கேட்டார். களைப்பை ஒதுக்கிவைத்த பிறகும் மிச்சமிருந்த பதில்களைப் பார்த்துத்தான் மனநலப் பிரிவைப் பார்க்கச் சொல்லி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதம் வெகுநாள் கைப்பையிலேயே இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில்தான் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் சின்னப் பிள்ளைகளை மிரட்டுவார்கள், பெரியவர்களைக் கேலி செய்வார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. என் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்குப் போய், காய்ச்சலோடும் ரப்பர் பால் மரம் வெட்டியவர். "ஊசி போட்டுக்க, முருகன்கிட்ட வேண்டிக்க. வெளியாளுகிட்ட போயி வீட்டுக் கதையச் சொல்லாத" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலியைச் சொல்ல ஓர் இடம் இருக்கும் என்று அவருக்கு யாருமே காட்டியதில்லை.

அரசாங்கத்தில் தேதி கிடைக்கும்வரை காத்திருக்க முடியாமல், முதலில் ஒரு தனியார் கவுன்சலரிடம் போனேன். ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அன்பாகத்தான் பேசினார். ஆனால் நல்லதையே நினைத்தால் வலி குறையும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். கை வீங்கிய நாட்களில் அதைக் கேட்டால், நான் சரியாக நினைக்காததால்தான் வீங்குகிறது என்று ஆகிவிடும். கொஞ்ச நாளில் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். நம் நோயைப் பற்றிக் கேள்வி கேட்காத கவுன்சலரிடம் காசைச் செலவழிக்க வேண்டாம். பதிவும் பார்த்துக்கொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டப்படி, பதிவும் தொழில் செய்யும் சான்றிதழும் இல்லாமல் இங்கே யாரும் கவுன்சலர் என்று தொழில் நடத்த முடியாது. தாராளமாகக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை.

பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சைக்காலஜிஸ்ட் (உளவியல் நிபுணர்) கிடைத்தார். சிறப்பு கிளினிக் என்பதால் 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக வேண்டும், பஸ் நேரம் பார்க்க வேண்டும், அரை நாள் லீவு எடுக்க வேண்டும். "எந்த நேரத்துல உங்க கை நல்லா இருக்கும்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. காலை வேளை வேண்டாம், மாத்திரைக்கு மறுநாளும் வேண்டாம் என்றேன். அதன்படியே தேதி போட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் மலாய்க்காரர். தமிழ் பேசும் ஆள் கிடைக்கவில்லையே என்று முதலில் வருத்தப்பட்டேன். ஆனால் வீட்டுக்காரர் தெரியாமல் கை பட்டால்கூட வலிக்கும் இரவுகளைப் பற்றி மலாயில் சொல்ல முடிந்தது. அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பால்குடக் கதைக்கு வந்தபோது மலாய் போதவில்லை. தைப்பூசத்துக்குக் ஈப்போ கல்லுமலைக் கோயில் முருகனுக்கு வருடா வருடம் பால்குடம் எடுத்தவள் நான். இப்போது குடத்தைத் தலையில் வைத்துப் பிடிக்க மணிக்கட்டு ஒத்துழைப்பதில்லை. அன்றைக்குத் தமிழிலேயே அழுது தீர்த்தேன். அவர் புரிந்த அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் எடுக்கலாம் என்று ஆறுதல் சொல்லவில்லை, மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. இழந்ததை இழந்தது என்று முதலில் ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

நடைமுறையில் அதிகம் உதவியது வேலையைப் பிரித்துச் செய்யும் பழக்கம். கை நன்றாக இருக்கும் நாளில் மாவரைத்து, வீடு கழுவி, துணியும் துவைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவேன். முடக்கு வாதக்காரர்கள் பலரும் இப்படித்தான். வலி வந்த பிறகு நிறுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். கேட்க எளிது, பழக மாதக்கணக்கானது. இன்றும் தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை.

அடுத்தது பேச்சு. யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல அவர் முன்னால் உட்கார்ந்து பழகினேன். "அத்தை, இன்னிக்குக் கை மடங்கல. சோறு நான் வைக்கிறேன், காய் நீங்க நறுக்கிக் கொடுங்க." இதை வீட்டில் சொன்ன அன்று மாமியார் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் விரலைப் பார்த்துவிட்டு அவரே கேட்கிறார்.

சொல்லத் தயங்கிய ஒன்றும் உண்டு. காலையில் விழிக்காமலே இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றிய காலம் இருந்தது. வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்று பயந்தேன். ஆனால் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309-ஐ 2023-இல் நீக்கிவிட்டார்கள். நான் சொன்னதும் அவர் பதறவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களிடம் பேச வேண்டியிருக்கும் என்று விளக்கினார், பிறகு நிதானமாக விவரம் கேட்டார். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி, ஹீல் லைன் 15555 இருக்கிறது. அவசரம் என்றால் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

குறைகளும் உண்டு. இரண்டு தேதிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஆள் மாற்றலாகிப் போனால் எல்லாவற்றையும் புதிதாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது நடந்தது, அந்த மாதங்கள் கடினமாக இருந்தன. இப்போது ஒரு நோட்டில் மருந்துப் பட்டியல், வலி கூடும் நேரம், இதுவரை பேசியது எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். புதியவர் அதைப் படித்துவிட்டே பேசத் தொடங்கினார். வீடியோ மூலமும் பேசிப் பார்த்தேன். பஸ் அலைச்சல் இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் மனம்விட்டுப் பேச முடியவில்லை. தனி அறையோ காரோ இருப்பவர்களுக்கு அது சரிவரும்.

இப்போது மருந்து மாறினால், அல்லது நோய் திடீரென்று கிளம்பினால் மட்டும் நெருக்கமாகத் தேதி கேட்கிறேன். மற்றபடி சில மாதத்துக்கு ஒரு முறை போதும் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். போன தடவை அம்மாவும் கூட வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பஸ்ஸில் திரும்பும்போது, தன் முழங்காலைப் பற்றியும் அவரிடம் பேசலாமா என்று கேட்டார்.